நிலத் தரகும் பதிவு எண்ணும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



நிர்வாக சபையார் இம்மாதக் கூட்டத்தில் எம்மைப் பேசும்படி பணித்த விஷயம் நிலத் தரகு. கல்வி நிதி, விவாகச் செலவு, மாணவர் விடுதி முதலியவற்றைப் பற்றிக் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில் தரகைப் பற்றி ஒரு பிரசங்கம் எதற்கென்று சிலர் நினைக்கலாம். நமது சமூகத்தாரின் வீடுகளில் இன்று நடப்பதைக் கவனித்தால் இதைவிட அவசரமான விஷயம் வேறொன்று இராது என்பது எமது அபிப்பிராயம். உத்தியோகத்திற்குக் காத்திருக்கும் வாலிபர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியோர், கடையை மகனிடம் ஒப்புவித்துவிட்டு மாலையில் ஊரைச் சுற்றி வருவோர் ஆகிய மூவகையாரும் மனை வாங்கித் தருவதும் விற்றுத் தருவதுமான வேலையில் இறங்கியிருக்கின்றனர். அவருள் சிலரே அதைத் தொழில் என்று சொல்லிக்கொள்கின்றனர். மற்றையோர், ‘தெரிந்தவருக்கு ஓர் உதவி’ என்கின்றனர். அந்த உதவிக்கு நூற்றுக்கு இரண்டு வாங்குவதை மட்டும் மறப்பதில்லை.

தரகு இழிதொழில் என்று யாம் சொல்ல வரவில்லை. பல்லவர், சோழர் காலத்துச் சாசனங்களில் தரகு என்பது வரிவகைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. வரி விதிக்கத்தக்க அளவுக்கு அக்காலத்திலேயே அது நிலைபெற்ற தொழிலாயிருந்தது என்பது இதனால் விளங்கும். விற்பவனுக்கு வாங்குபவனைத் தெரியாது. வாங்குபவனுக்கு நிலத்தின் வரலாறு தெரியாது. இவ்விருவர் நடுவே நின்று, இருவருக்கும் தெரியாததைத் தெரிவிப்பவன் கூலி பெறுவது நியாயமே. ஆனால் தெரிவிக்கவேண்டியதை மறைத்தும் கூலி பெறலாம் என்ற வழக்கம் எப்பொழுது ஏற்பட்டதோ, அப்பொழுதே சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று.

அந்தச் சட்டம் 2016-ஆம் வருஷத்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டமாம். ஜனங்கள் ‘ரெரா’ என்று சுருக்கி வழங்குவது இதனையே. இதன் சில பிரிவுகள் 2016 மே 1-ஆம் தேதியிலும், எஞ்சியவை 2017 மே 1-ஆம் தேதியிலும் அமுலுக்கு வந்தன. நமது ராஜ்யத்தின் விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. இச்சட்டத்தின் 9-ஆவது பிரிவு கூறுவது யாதெனில், ஆணையத்தில் பதிவுசெய்யப்பெற்ற திட்டத்திலுள்ள ஒரு மனையையோ, வீட்டையோ விற்கவும் வாங்கவும் துணைபுரியும் முகவர், தாமும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பதே. ‘யாம் முகவரல்லேம், அறிமுகப்படுத்தி வைத்ததோடு சரி’ என்று ஒதுங்குவார்க்கும் இதில் இடமில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் எவ்வழியாலேனும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி, அதற்குக் கமிஷன் என்றோ, வேறு எப்பெயராலோ கூலி பெறுபவர் எவரும் முகவரே என்று சட்டத்தின் இலக்கணம் விரிகிறது. தரகர், இடையாள், சொத்து வியாபாரி என எப்பெயரிட்டு அழைத்தாலும் ஒன்றே என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கைப்பேசியில் நான்கு படங்களை உறவினர்க்கு அனுப்பிவைத்து, கிரயம் முடிந்தபின் பணம் பெறுகிறவரும் இவ்விலக்கணத்துள் அடங்குவர்.

இதற்கு நம்மவர் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. ‘யாம் வெளியாருக்கா விற்கிறோம்? நம்மவருக்கே விற்கிறோம். நம்மவர் நம்மை நம்புவர். நமக்கு எண் எதற்கு?’ என்பர். இம்மறுமொழியைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். நமது சமூகத்தில் ஒருவன் மனை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஓய்வுக் காலத்துக் கிராஜுவிட்டித் தொகை. மகளின் விவாகத்திற்கென்று சேர்த்த பொன். அயல்நாட்டில் உழைக்கும் மகன் மாதந்தோறும் அனுப்பியது. விதவைச் சகோதரிக்குப் பாகப் பிரிவினையில் வந்த சிறு தொகை. இப்பணத்தை வைத்திருப்பவர் பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு எளிதில் நம்புவாரல்லர். அவர் நம்புவது, பங்குனி உத்திரத்தன்று குலதெய்வத்தின் சந்நிதியில் தம் பக்கத்தில் நின்ற மைத்துனனை; பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதிய ஒன்றுவிட்ட சகோதரனை. ஆதலினாலேதான் மனைப்பிரிவு போடுவோர் நமது வாலிபர்களைத் தேடி வருகின்றனர். அவர்கள் விலைக்கு வாங்குவது வாலிபரின் திறமையையன்று. அவருடைய உறவினரின் நம்பிக்கையை. அந்நம்பிக்கைக்கு நூற்றுக்கு இரண்டு என்று விலை போட்டுக் கொடுத்து, பின்னர் மனையில் வில்லங்கம் தோன்றிய காலத்தில் அவர்கள் விலகிக்கொள்கின்றனர். ஊரில் எஞ்சி நிற்பவன் மைத்துனனே.

இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. அந்நியனிடம் ஏமாந்தவன் வழக்கிடுவான். உறவினனிடம் ஏமாந்தவன் வாய் திறவான். திறந்தால் சம்பந்தம் முறியும், பெண் எடுத்த இடத்தில் தலைகுனிவு உண்டாகும் என்று அஞ்சுவான். ஆகையால் ‘நம்மவர்’ என்னும் சொல் வாங்குவோர்க்குப் பாதுகாப்பாக இருப்பதைவிட விற்போர்க்குப் பாதுகாப்பாகவே முடிகிறது. பதிவு எண் என்பது இந்நிலையை மாற்றுகிறது. எண் பெற்றவர் உறவுக்கு மட்டுமன்றி ஓர் ஆணையத்துக்கும் விடை சொல்ல வேண்டியவராகிறார்.

கணக்கை நேசிக்கும் சமூகம் நம்முடையது; ஆகையால் இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 20 லட்சம் ரூபாய் மனை ஒன்றை ஒருவர் முடித்து வைத்து, நூற்றுக்கு இரண்டு வீதம் 40,000 ரூபாய் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவு பெறாமல் இதைச் செய்தவருக்கு 62-ஆவது பிரிவின்படி குற்றம் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் தண்டம். அது மனை விலையில் நூற்றுக்கு ஐந்து வரை செல்லலாம். நான்கு நாட்களில் தரகுப் பணம் முழுவதும் போயிற்று. பத்து நாட்களில் உச்சவரம்பாகிய ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். பெற்றதைப்போல் இரண்டரை மடங்கு கட்டவேண்டும். இனிப் பதிவுச் செலவைப் பாருங்கள். நமது ராஜ்யத்தின் 2017-ஆம் வருஷ விதிகள் தனி நபருக்கு 25,000 ரூபாயும், கம்பெனி, கூட்டு வியாபாரம் முதலியவற்றுக்கு 50,000 ரூபாயும் கட்டணமாக வகுத்தன. பதிவு ஐந்து வருஷங்களுக்குச் செல்லும். தனி நபருக்கு வருஷத்திற்கு 5,000 ரூபாய். மாதத்திற்கு 417 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கைப்பேசிக்கும் பெட்ரோலுக்கும் இதைவிட அதிகம் செலவிடுகிறவர் இதைப் பாரம் என்பது பொருந்தாது. கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்படக்கூடியன ஆதலின், செலுத்துமுன் ஆணையத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்க.

விண்ணப்பிக்கும் முறையில் பிரமாதமான கஷ்டம் ஒன்றுமில்லை. ஆணையம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் இதன் அதிகாரத்துக்கு உட்பட்டவையே. ஆயினும் இணையதளத்திலேயே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யலாமாதலின் தென்காசியிலோ தேனியிலோ இருப்பவர் ரயில் ஏற வேண்டுவதில்லை. பான் அட்டை, விலாசத்துக்கு அத்தாட்சி, புகைப்படம், முந்திய மூன்று வருஷங்களின் வருமான வரிக் கணக்கு, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதிருந்தால் அதைக் குறித்த உறுதிமொழி, தொழில் நடத்தும் இடத்தின் விவரம் ஆகியவை கேட்கப்படும். கூட்டு வியாபாரமாயின் பங்காளிகளின் விவரமும் கூட்டொப்பந்தமும் வேண்டும். குறிக்கப்பட்ட காலத்துக்குள் குறை இன்னதென்றோ, நிராகரிக்கப்பட்டதென்றோ ஆணையம் தெரிவிக்காவிடில் பதிவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பதிவு ராஜ்யம் முழுவதற்கும் செல்லும். மதுரையில் இருப்பவர் கோயமுத்தூரில் விற்கத் தனிப் பதிவு தேவையில்லை. ஆனால் ஓசூரில் இருந்துகொண்டு எல்லைக்கு அப்பால் கர்நாடக ராஜ்யத்துத் திட்டத்திற்கு ஆள் சேர்ப்பவர், அந்த ராஜ்யத்தின் பதிவையும் பெறவேண்டும். ஓசூர்க் கிளையார் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

படிப்பு எவ்வளவு வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாலிபர் எம்மைக் கேட்டார். 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் படிப்பும் பரீக்ஷையும் விதிக்கப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் 2023-ஆம் வருஷத்தில் முகவர்கள் பயிற்சி பெற்றுப் பரீக்ஷையில் தேறவேண்டும் என்று விதித்துவிட்டனர். சிங்கப்பூரிலோ 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி பரீக்ஷையில் தேறாதவர் இத்தொழிலில் நுழையவே முடியாது. நுழைந்தபின்பும் வீட்டுக் கிரயப் பணத்தைக் கையால் தொடக்கூடாது. பரீக்ஷை இங்கும் வந்தால் நல்லதே என்பது எமது எண்ணம். வருமுன் பதிவு பெற்றுவிடலாம் என்று சிலர் அவசரப்படக்கூடும். அந்த அவசரத்தாலாவது பதிவு பெறட்டும்.

சட்டம் எதைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு, மிகாத திட்டத்திற்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத அடுக்குமாடிக்கும் பதிவு வேண்டுவதில்லை. ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்பதும், நஞ்சை புஞ்சைக் கிரயமும், வாடகைக்கு வீடு பிடித்துத் தருவதும் இதில் வாரா. எனினும் அவ்விடங்களில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் தரகரை விடவில்லை. விற்பவர் 18 லட்சம் என்று சொல்ல, அவருக்குத் தெரியாமல் 20 லட்சத்துக்கு முடித்து நடுவில் உள்ளதை மடியில் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவாரும் உளர். முகவர் தம்மை அமர்த்தியவர் பொருட்டுப் பெற்ற தொகையை அவரிடமே ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்றும், வேலையில் முறைகேடு செய்த பகுதிக்குக் கூலி கேட்க அவருக்கு உரிமையில்லை என்றும் அச்சட்டத்தின் 218, 220-ஆவது பிரிவுகள் கூறுகின்றன. சாமர்த்தியத்துக்கு அங்கே இடம் வைக்கவில்லை.

பதிவு பெற்றபின் செய்யவேண்டியவை 9, 10-ஆவது பிரிவுகளில் இருக்கின்றன. பதிவுசெய்யப்பெறாத திட்டத்தை விற்கத் துணைபோகலாகாது. கணக்குப் புத்தகங்களும் பத்திரங்களும் வைத்துக் காக்கவேண்டும். இல்லாத அங்கீகாரத்தை உண்டென்று சொல்லலாகாது. வாங்குபவர் முன்பதிவு செய்யும் காலத்திலேயே அவருக்கு உரிய பத்திரங்களும் விவரங்களும் கிடைக்கும்படி செய்யவேண்டும். தாம் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிக்கவேண்டும். பொய்யுரையோ மோசமோ வெளிப்பட்டால், விசாரணைக்குப்பின் ஆணையம் பதிவை ரத்து செய்யும்.

இவற்றுள் ‘அங்கீகாரம்’ என்ற சொல்லில்தான் நமது ராஜ்யத்தார் அதிகமாக அடிபட்டிருக்கின்றனர். வயலில் நான்கு கல் நட்டு, செம்மண் சாலை போட்டு, வளைவு ஒன்று கட்டி, கொடிகள் பறக்கவிட்டு, இலவச வண்டியில் அழைத்துச் சென்று மதிய போஜனமும் இட்டு விற்ற மனைகளை நாம் அறிவோம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று அன்று சொன்னார்கள். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யலாகாதென்று உத்தரவிட்டபொழுது, அந்த மனைகளை வாங்கியிருந்தோர் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் திகைத்து நின்றனர். பின்னர் 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் ஏற்பட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் பெற வழி பிறந்தது. அக்கட்டணம் வாங்கியவர் தலையில் விழுந்ததேயன்றி, தரகர் பெற்ற கமிஷனில் ஒரு காசும் திரும்பவில்லை.

ஆகையால் தரகர் பார்க்கவேண்டிய காகிதங்களைச் சற்று விரித்துச் சொல்லுகிறோம். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகரித்த வரைபடத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, வரைபடத்திலுள்ள மனை எண்ணையும் தரையிலுள்ள கல்லையும் நேரில் ஒத்துப் பார்க்கவேண்டும். பூங்காவுக்கென்று விடப்பட்ட இடத்தையே மனையாக்கி விற்ற கதைகள் உண்டு. வில்லங்கச் சான்று அவசியமே. ஆனால் அதில் வருவது பதிவாபீசில் பதிந்தவை மாத்திரமே. பதியப்படாத உயிலும், வாய்மொழிப் பாகப் பிரிவினையும் அதில் தோன்றா. கோர்ட்டில் வழக்கு நடக்கிறதா என்பதை அதைக்கொண்டு நிச்சயிக்கவும் முடியாது. தாய்ப்பத்திரம் தொடங்கி வரிசையாகப் படித்து, வாரிசுகளில் ஒரு பெண்ணின் கையெழுத்தேனும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நமது குடும்பங்களில் விடுபடுவது பெரும்பாலும் பெண்களின் கையெழுத்தே. பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றில் சர்வே எண்ணும் உட்பிரிவும் ஒத்திருக்கவேண்டும். கோயில் நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதியின்றி விற்பது 1959-ஆம் வருஷத்துச் சட்டப்படி செல்லாது. 1892-ஆம் வருஷம் முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கென்று சர்க்கார் அளித்த பஞ்சமி நிலத்தை, நிபந்தனைக்கு விரோதமாகப் பிற வகுப்பார் வாங்குங் கிரயம் நிற்காது. கிரயம் நிற்காதென்பதற்காக மட்டுமன்று, எளியவர் நிலத்தை நம்மவர் ஒருவர் தரகு பேசிப் பறித்தார் என்ற சொல் நம் சமூகத்துக்கு வரலாகாது என்பதற்காகவும் இதைக் கூறுகிறோம்.

சொல்ல எண்ணியிராத ஒன்றை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். வாங்க வருபவரின் ஜாதியைக் கேட்டு ‘அந்த மனை போய்விட்டது’ என்று திருப்பியனுப்பும் தரகர் இருக்கின்றனர். பட்டணத்தில் வாடகை வீடு தேடிச் சென்று, ஜாதியைச் சொன்னவுடன் கதவு சாத்தப்பட்டுத் திரும்பிய அநுபவம் நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது! அதே கதவை நாம் மற்றொருவர் முகத்தில் சாத்துவது எவ்வகையில் அடுக்கும்?

பண விஷயம் சுருக்கமாக: தரகு இத்தனை வீதம் என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை, ஆகையால் முன்னதாகவே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இருபுறத்தார்க்கும் நலம். மனை விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறுவதாயின், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிந்த பின்னரே திட்டக்காரர் பெறலாம். 20 லட்சம் மனைக்கு 2 லட்சமே எல்லை. ‘டோக்கன்’ என்று சொல்லித் தரகர் தம் பெயரில் வாங்குவது வேண்டாம். தொகை திட்டத்தின் கணக்குக்கு நேரே போகட்டும். நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் தரகர்க்கு ஜி.எஸ்.டி. பதிவும் உண்டு.

இனி வாங்குவோர்க்கு. உங்கள் மைத்துனரே மனை காட்டினாலும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: திட்டத்தின் பதிவு எண் ஒன்று, அவருடைய பதிவு எண் மற்றொன்று. இரண்டும் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணவேண்டாம். எண் உள்ளவர் கேட்குமுன்பே காட்டுவார், இல்லாதவரே கோபிப்பார்.

பிணக்கு வந்துவிட்டால் நம்மவர் முதலில் வருவது இம்மண்டபத்துக்கே. பெரியோர் கூடிப் பேசி, ‘விட்டுக்கொடுங்கள்’ என்று இருவரையும் அனுப்பிவைக்கின்றனர். சமாதானம் நல்லதே, ஆயினும் அதில் பணம் திரும்பிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. 31-ஆவது பிரிவின்படி திட்டக்காரர்மீது மட்டுமன்றி முகவர்மீதும் ஆணையத்தில் முறையிடலாம். ஆணையம் விதிக்கும் தண்டமும் நஷ்ட ஈடும் செலுத்தப்படாவிடில் நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்க 40-ஆவது பிரிவு இடந்தருகிறது. இவ்வதிகாரம் நமது பஞ்சாயத்துக்கு இல்லை. பாதிக்கப்பட்டவரன்றி, ஒதுக்கீடு பெற்றோர் சங்கமும், பதிவுபெற்ற நுகர்வோர் சங்கமும் முறையிடலாம் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஜாதிச் சங்கம் அதில் சொல்லப்படவில்லை. ஆதலின் நமது சங்கத்தின் பெயரால் மனு எழுதித் தரும்படி காரியதரிசியை நெருக்குவதில் பயனில்லை. பணம் கொடுத்தவரே கையெழுத்திடவேண்டும். மனுவை எழுதவும், முகவர் பதிவுக்கு விண்ணப்பிக்கவும் உதவி வேண்டுவோர், தம் பத்திரங்களின் நகல்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசுக்கு வந்தால், நமது உறுப்பினராகிய வக்கீல்கள் இருவர் ஊதியமின்றி உதவ இசைந்திருக்கின்றனர். அசல் பத்திரங்களை மட்டும் எவரிடமும் விட்டுச் செல்லவேண்டாம்; எம்மிடமும் வேண்டாம்.